இரும்புப் பெட்டியின் சாவி

தாண்டிக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலமாக இருக்கிறேன். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருக்க முருகன் துணை.

அப்பாவின் துப்பாக்கி இருந்த இரும்புப் பெட்டியைச் சென்ற வியாழக்கிழமை திறந்துவிட்டோம். நீ ஹூஸ்டனிலிருந்து பேசும்போதெல்லாம் "பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று மட்டும் சொல்லி வந்தேன். அங்கே இருந்துகொண்டு உன்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்பதால் உன்னைக் கலங்கவைக்க மனம் வரவில்லை. இப்போது நடந்ததை முழுவதும் எழுதுகிறேன். நீயும் உன் வீட்டில் ஒரு கைத்துப்பாக்கியும் அதற்கு ஒரு பெட்டியும் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதனால் இது உனக்கும் தேவைப்படும்.

கருமாதி முடிந்த மறுநாள்தான் எனக்கு அந்தப் பெட்டியின் நினைவு வந்தது. லைசென்ஸ் அப்பாவின் பெயரில் இருந்தது. அவர் கண் மூடிய பிறகு அது நம் யாருக்கும் செல்லாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி, லைசென்ஸ் இல்லாமல் போன ஆயுதத்தைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைக்க வேண்டிய பொருளோ சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய பெட்டிக்குள் இருந்தது. அதன் சாவி எங்கே என்று எனக்குத் தெரியாது.

அப்பா அந்தச் சாவியை ஒரே இடத்தில் வைத்திருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். தோட்டத்துக்கு ஆட்கள் வந்தால் ஓர் இடம், லீவுக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள் வந்தால் வேறோர் இடம் என்று மாற்றிக்கொண்டே இருப்பார். யார் கையிலும் சிக்கக்கூடாது என்ற அக்கறையில் செய்தார். ஆனால் அந்த இடத்தை என்னிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டார். மிளகுப் பானை, சாமி மாடம், காபிக்கொட்டை மூட்டைகளின் இடுக்கு, அவருடைய சட்டைப் பைகள், மெத்தையின் தையல் என எல்லாவற்றையும் பார்த்தேன். கடைசி இரவில் மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த துணிப் பையை மூன்று முறை உதறினேன். கிடைக்கவில்லை.

நான்கு நாள் தேடிய பிறகுதான் ஒன்று உறைத்தது. சாவி வீட்டுக்குள் எங்கோ இருக்கிறது என்பது என் நம்பிக்கைதானே ஒழிய, அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. வேறு யாராவது அதை எடுத்திருந்தால் பெட்டிக்குள் துப்பாக்கி இருக்கிறது என்றும் நான் உறுதி சொல்ல முடியாது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை, தம்பி. விடிந்ததும் முதல் பஸ்ஸில் காவல் நிலையத்துக்குப் போய், அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் லைசென்ஸ் புத்தகத்தின் நகலையும் இணைத்து, சாவி காணவில்லை, பெட்டியைத் திறக்க முடியவில்லை, திறந்ததும் துப்பாக்கியை ஒப்படைத்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டேன். முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும். தேடித் தீர்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தது என் தவறு.

துப்பாக்கி உள்ளே இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று அங்கே கேட்டார்கள். நல்ல வேளையாக அப்பா காகிதங்களைப் பத்திரப்படுத்துகிறவர். 2024 நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்ததும் மற்றவர்களைப் போல அவரும் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைத்திருந்தார்; தேர்தல் முடிந்து ஜூன் மாதம் திரும்பப் பெற்ற தாள் லைசென்ஸ் புத்தகத்துக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பெட்டியை உடைப்பதற்கு யோசனை சொல்லாதவர்கள் இல்லை. கடப்பாரையால் நெம்பலாம் என்றார் ஒருவர். கேஸ் கட்டர் வைத்தால் பத்து நிமிட வேலை என்று வெல்டிங் பட்டறைப் பையன் வந்து நின்றான். அவனை நான் பெட்டியின் அருகில் விடவே இல்லை. உள்ளே தோட்டாக்கள் இருக்கின்றன. தோட்டாவில் இருக்கும் புகையில்லா வெடிமருந்து ஏறக்குறைய 170 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். இரும்பை உருக்கும் நெருப்பை அதன்மேல் பிடிக்கலாமா? இதை நீ முக்கியமாக மனத்தில் வைத்துக்கொள்.

பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் மலையடிவாரத்தில் இருக்கும்போது நமக்கு என்ன குறை? 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. ஆனாலும் அந்தத் தொழிலைக் கையால் செய்யத் தெரிந்தவர்கள் இன்று மிகவும் குறைந்துவிட்டார்கள். நாகல்நகரில் விசாரித்து, எழுபது வயதுக்கு மேலான ஒரு பூட்டு ஆசாரியைக் கண்டுபிடித்தோம். அவர் முதலில் கேட்டது கூலியை அல்ல. பெட்டி யாருடையது, அதற்கு என்ன சான்று என்பதைத்தான். உள்ளே துப்பாக்கி என்றதும், போலீஸ்காரர் ஒருவர் உடன் இருந்தால்தான் கை வைப்பேன் என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

வத்தலக்குண்டு, பட்டிவீரன்பட்டி வழியாக மலையேறி வியாழன் காலை வந்து சேர்ந்தார். நிலையத்திலிருந்தும் ஒரு காவலர் வந்தார். ஆசாரி துளையில் டார்ச் அடித்துப் பார்த்து, "எட்டு லீவர், அம்மா" என்றார். ஒவ்வொரு லீவரும் ஒரு மெல்லிய தகடு; எட்டும் அததற்கு உரிய உயரத்துக்கு எழும்பினால்தான் பூட்டின் நாக்கு நகருமாம். பல் வெட்டாத சாவி ஒன்றை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி ஏற்றினார். துளையில் விட்டு மெல்லத் திருப்பி வெளியே எடுத்தபோது, கருப்பின் நடுவே ஊசிமுனை அளவுக்குச் சில இடங்கள் பளபளத்தன. லீவர் தொட்ட இடங்கள் அவை. அங்கே மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு இழுப்பார். மறுபடியும் கரி, மறுபடியும் துளை. மூன்று மணி நேரம் அந்த அரத்தின் ஓசையைத் தவிர வீட்டில் வேறு சத்தமே இல்லை. பிறகு சாவி முழுச் சுற்றுச் சுற்றியது. கதவில் ஒரு கீறல்கூட இல்லை.

கதவு திறந்ததும் ஆசாரி எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். லைசென்ஸ் இல்லாத கை அதைத் தொடக்கூடாது என்று நானும் நகர்ந்து நின்றேன். காவலர்தான் அந்த இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்து, குழலை மடக்கித் திறந்து, இரண்டு குழலும் காலியாக இருப்பதை எனக்குக் காட்டினார்; அதன் எண்ணை லைசென்ஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். தோட்டாக்கள் ஒன்பது, அப்பா எழுதி வைத்த கணக்கும் ஒன்பது. கதவின் உட்புறத்தில் ஒரு சிறு ஆணியில் சிவப்புக் கயிறு கட்டி மாற்றுச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கயிறு பழனியில் வாங்கியது. நீ கல்லூரிக்குப் போன அன்று உன் கையில் கட்டியதும் அதே கண்டுதான். அப்போதுதான் நான் அழுதேன்.

மாற்றுச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைப்பது வைக்காததற்குச் சமம், தம்பி. நீ இன்றே உன் பெட்டியின் வரிசை எண்ணையும், சாவியில் எண் பொறித்திருந்தால் அதையும், வாங்கிய ரசீதையும் ஒரு கவரில் போட்டு வீட்டுக்கு வெளியே பத்திரமான இடத்தில் வை. சாவி தொலைந்தால் பெட்டி செய்த கம்பெனிக்காரர்கள் அந்த எண்ணையும், பெட்டி உன்னுடையது என்பதற்கான சான்றையும் கேட்பார்கள். மாற்றுச் சாவி இருக்கும் இடம் உன் மனைவிக்குத் தெரிந்திருக்கட்டும்; பேத்திக்குத் தெரியவே கூடாது. தோட்டா போட்ட துப்பாக்கி பதினேழு வயது நிரம்பாத பிள்ளையின் கைக்குக் கிடைக்கும்படி கவனக்குறைவாக விடுவது டெக்சாஸ் மாநிலச் சட்டத்திலும் குற்றம் என்பதை நீ அறிந்திருப்பாய். ஒரு சாவி எப்போதாவது காணாமல் போனால், அது வீட்டுக்குள்தான் கிடக்கும் என்று காத்திருக்காதே. பூட்டையே மாற்று, மாற்றும் வரை துப்பாக்கி அந்தப் பெட்டியில் இருக்க வேண்டாம்.

துப்பாக்கி இப்போது காவல் நிலையத்தில் இருக்கிறது. ரசீது என்னிடம் இருக்கிறது. வாரிசு என்ற முறையில் நான் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம், அல்லது உரிமம் பெற்ற வியாபாரிக்கு விற்க அனுமதி கேட்கலாம். காட்டுப்பன்றி இன்னும் வாழைக்குள் வரத்தான் செய்கிறது. ஆனாலும் தனியாக இருக்கும் எனக்கு அந்தப் பொருளைக் காக்கும் வேலை வேண்டாம். விற்றுவிடவே விரும்புகிறேன். அப்பாவின் நினைவாக வைத்துக்கொள்ளலாமே என்று உனக்குத் தோன்றினால் தயங்காமல் சொல். பேசி முடிவு செய்யலாம். உனக்கும் சம்மதம் என்றால், ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் எழுதி, அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பு. அது வந்ததும் மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுப்பேன்.

தொலைந்த சாவி இன்றுவரை கிடைக்கவில்லை. ஆசாரி வெட்டிய சாவி சாமி மாடத்தில் இருக்கிறது. சிவப்புக் கயிற்றுச் சாவியை உன் சித்தியிடம் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா