காலி சிப்ஸ் பாக்கெட் ஏறி வந்த வேனிலேயே இறங்கட்டும்: நீலகிரி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில், பர்லியாரில் பழக்கடை வைத்திருக்கிறேன். மங்குஸ்தான் சீசன் முடிந்தால் டீ, பிஸ்கட், சிப்ஸ்தான் வியாபாரம்.

போன வாரம் மழை விட்டதும் கடைக்குப் பின்னால் ஓடையில் இறங்கினேன். உண்ணிச்செடி வேரில் ஒரு சிப்ஸ் பாக்கெட் சிக்கிக் கிடந்தது. மேல் சாயமெல்லாம் உரிந்துபோய், உள்பக்க வெள்ளிப்பூச்சு மட்டும் மின்னியது. ஓரத்தில் தேதி அழியவில்லை. மூன்று வருஷத்துக்கு முந்தையது. என் கடையில் விற்றதாகவே இருக்கலாம். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இந்தத் தண்ணீர் மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் சேர்கிறது. பவானிசாகர் அணையில் தங்கிய பாக்கெட் போக, தப்பியது கூடுதுறையில் காவிரியோடு கலந்து பூம்புகார்க் கடலுக்குப் போகிறது. வழியிலேயே வெயிலிலும் பாறையிலும் பட்டுத் துகள் துகளாகிவிடும். அதற்கப்புறம் எந்த வலையாலும் அள்ள முடியாது. முழுசாகக் கையில் சிக்குவது இங்கே, மலையில்தான்.

2022 மே மாதம் நம் மாவட்டத்தில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் வழக்கம் வந்தது. உயர்நீதிமன்றம் சொல்லி வந்த ஏற்பாடு. குடித்தவர் வீசிவிட்டுப் போனாலும் இன்னொருவர் பொறுக்கிக்கொண்டு போகிறார். எங்கள் ஓடையில் இப்போது கண்ணாடிச் சில்லைப் பார்ப்பதே அபூர்வம்.

சிப்ஸ் பாக்கெட்டை யார் பொறுக்குவார்கள்? பால் கவர் ஒரே பிளாஸ்டிக், கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். சிப்ஸ் பாக்கெட்டோ பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியது. பிரிப்பது கஷ்டம் என்பதால் யாரும் தொடுவதில்லை. உறையைத் திரும்ப எடுக்கும் பொறுப்பை மத்திய அரசின் விதிகள் தயாரிக்கும் கம்பெனி மேல்தான் வைத்திருக்கின்றன. ஆனால் கம்பெனி வேன் சரக்கோடு ஏறி வருகிறது, காலியாக இறங்குகிறது.

அந்த வேனில் காலி பாக்கெட் திரும்பிப் போகட்டும், ஐயா. பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் முன்பணம் வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் பழையபடி தகர டின்னில் சிப்ஸ் வரட்டும். நாங்கள் காகிதப் பொட்டலத்தில் நிறுத்துக் கொடுக்கிறோம், டின் திரும்பிப் போகும். செலவைச் சிறு கடைக்காரர் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள்.

குரங்கு திறக்க முடியாத மூடி போட்ட டிரம் ஒன்றை என் காசிலேயே வாங்கிக் கடை வாசலில் வைக்கிறேன். நிறைந்ததும் எடுத்துப்போக வேனுக்கு உத்தரவு போடுங்கள்.

இப்படிக்கு,
பர்லியார் பழக்கடைக்காரர்