பழைய போனை வாங்கும் முன்பே கடைக்குக் கொண்டு வாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். லாக் ஆன போனைத் திறந்து தரக் கேட்டு, நாங்கள் மறுத்ததால் உங்களில் சிலர் வருத்தத்தோடு திரும்பிப் போயிருக்கிறீர்கள். "வேற கடையில செஞ்சு தர்றாங்களே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். கவுண்டரில் கூட்டம் நிற்கும்போது இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதியே தந்துவிடலாம் என்று இந்த மடல்.

அப்படி வரும் போன்களில் பெரும்பாலானவை ஆன்லைன் விளம்பரம் பார்த்து, முன்பின் தெரியாதவரிடம் வாங்கியவை. ஐபோனில் 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோதே ஆக்டிவேஷன் லாக் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் 2015-இல் 5.1 பதிப்போடு அதே மாதிரி ஒரு பாதுகாப்பு வந்தது. பழைய உரிமையாளர் தன் கணக்கை எடுக்காமல் விட்டிருந்தால், போனை ரீசெட் செய்த பிறகும் அவருடைய ஆப்பிள் ஐடியையோ கூகுள் கணக்கையோதான் அது கேட்கும். விற்றவர் உங்கள் அழைப்பை எடுக்காமல் விட்டுவிட்டால், காசு கொடுத்து வாங்கிய உங்களுக்கும் திருடிக்கொண்டு வந்தவனுக்கும் அந்த போனுக்கு வித்தியாசம் தெரியாது. பில் இல்லாதபோது எங்களுக்கும் தெரியாது. அதனால்தான் தொடுவதில்லை. ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐஎம்இஐ-யை மாற்றித் தரச் சொல்லியும் சிலர் கேட்கிறார்கள். 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தப் பேச்சே வேண்டாம்.

இன்னொரு வகை பூட்டு இருக்கிறது. ஈஎம்ஐ-யில் எடுத்த போனைத் தவணை பாக்கியோடு விற்றுவிடுவார்கள். வாங்கும் நாளில் எல்லாம் நன்றாக வேலை செய்யும். தவணை நின்று சில வாரம் ஆனதும் திரை பூட்டிக்கொண்டு, கடன் கொடுத்த நிறுவனத்தின் எண்ணைக் காட்டும். பில்லில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான சான்று கேளுங்கள். "அதெல்லாம் முடிஞ்சிருச்சு சார்" என்ற வாய்வார்த்தையை வைத்து நாளைக்கு ஒன்றும் செய்ய முடியாது.

சரி, திருட்டுப் போனா என்று எப்படிப் பார்ப்பது? போனில் *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அதைப் பெட்டியோடும் பில்லோடும் ஒப்பிடுங்கள். பிறகு உங்கள் போனிலிருந்து ஆங்கில எழுத்தில் KYM என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி ஆப்பிலும் இதே வசதி உண்டு. பிளாக்லிஸ்ட், டூப்ளிகேட், ஏற்கெனவே பயன்பாட்டில் என்று எது வந்தாலும் பேச்சை முடித்துவிட்டு வந்துவிடுங்கள். பதிலில் வரும் மாடல் பெயரையும் கவனியுங்கள். கையில் இருப்பது ஒரு மாடல், பதிலில் வருவது வேறு மாடல் என்றால் எண்ணில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. போனைத் தொலைத்தவர் தாமதமாகப் புகார் கொடுத்தால், இன்றைக்குச் சுத்தமாகக் காட்டும் போன் அடுத்த வாரம் முடக்கப்படலாம். நீங்கள் சிம் போட்டதை வைத்து, காவல் நிலையத்திலிருந்து உங்களுக்குத்தான் அழைப்பு வரும். விற்றவருக்கு அந்தப் பொருளில் உரிமை இல்லை என்றால் வாங்கியவருக்கும் உரிமை கிடையாது என்பது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம். போனை ஒப்படைக்க வேண்டியதுதான், கொடுத்த பணத்துக்கு விற்றவரைத் தேட வேண்டியதுதான். அதனால் அசல் பில், விற்பவரின் அடையாள அட்டை நகல், 'இந்த ஐஎம்இஐ உள்ள போனை இன்ன தேதியில் இன்ன விலைக்கு விற்றேன்' என்று கையெழுத்திட்ட ஒரு தாள், மூன்றையும் வாங்கி வையுங்கள். நேர்மையாக விற்பவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

மேலே சொன்னதெல்லாம் போன் கைக்கு வந்தால்தான். பலருக்குப் போனே வருவதில்லை. ராணுவ வீரர் பெயரில் நடக்கும் ஏமாற்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் இன்னும் ஆள் மாட்டுகிறது. விளம்பரத்தில் நல்ல ஐபோன் அல்லது கேமரா, சந்தை விலையில் பாதிக்கும் கீழே. அழைத்தால் இந்தியில் மரியாதையாகப் பேசுவார். ராணுவத்திலோ விமான நிலையப் பாதுகாப்பிலோ வேலை, திடீர் இடமாற்றம், அதனால் விற்கிறேன் என்பார். சீருடையில் எடுத்த படம், கேன்டீன் கார்டு, ஆதார் எல்லாம் கேட்காமலே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அவையெல்லாம் வேறு யாரிடமிருந்தோ பறித்தவை. நீங்கள் அடையாளத்துக்கு என்று உங்கள் ஆதாரை அனுப்பினால், அடுத்த ஆளை ஏமாற்ற அது போகும். நேரில் பார்க்கலாமா என்றால் "கேம்ப் உள்ளே வெளியாட்களை விட மாட்டார்கள், ராணுவப் பார்சலில் அனுப்புகிறேன்" என்பார். முதலில் பார்சலுக்கு என்று சின்னத் தொகைதான் கேட்பார். அதைக் கட்டியதும் உங்கள் பெயர் எழுதிய பெட்டியின் படம் வரும். அப்புறம் ஜிஎஸ்டி, கேட் பாஸ், நேரம் தவறியதற்கு அபராதம். ஒவ்வொன்றும் "திரும்பக் கிடைக்கும் பணம்". போட்டதை விட மனம் வராமல் மேலும் மேலும் போடுவோம், அவர்கள் பிழைப்பே அதில்தான். ஒன்று கவனித்தீர்களா, இந்த ஆசாமிகள் விலையில் பேரமே பேசுவதில்லை. ஆயிரம் குறைத்துக் கேட்டாலும் உடனே சரி என்பார்கள். தன் சொந்தப் போனை விற்பவர் அப்படியா ஒத்துக்கொள்வார்?

இன்ஸ்டாகிராமில் 'கஸ்டம்ஸில் பிடித்த ஐபோன்' என்று வரும் பக்கங்களும் இதே கதைதான். சுங்கத்துறை பறிமுதல் செய்த பொருளை ஏலத்தில் விடும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கு அனுப்பாது.

எங்கள் பேச்சில் ஒன்றை மட்டும் கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்கள்: பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கும்வரை ஒரு ரூபாய் அட்வான்ஸ் கூட வேண்டாம். "இன்னொருத்தர் கிளம்பி வந்துட்டு இருக்கார், டோக்கன் போட்டா உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்" என்றால், அந்த இன்னொருத்தரே வாங்கிக்கொள்ளட்டும்.

நேரில் சந்திக்கும்போது பகல் நேரமாக, ஆள் நடமாட்டம் உள்ள இடமாகப் பாருங்கள். பெரிய தொகை என்றால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். ஐபோன் என்றால் விற்பவர் உங்கள் கண் முன்னால் ஆப்பிள் ஐடியிலிருந்து வெளியேறி, ரீசெட் செய்து, போன் முதல் திரைக்கு வந்து, உங்கள் ஐடியை ஏற்க வேண்டும். அதன் பிறகுதான் பணம். ஆண்ட்ராய்டிலும் இதே முறை, கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட். ஐபோன் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபௌட் போனால் டிஸ்ப்ளேயும் பேட்டரியும் மாற்றியவையா என்று ஓரளவு தெரியும். அங்கே மாடல் எண் M எழுத்தில் தொடங்கினால் புதிதாக விற்றது, F என்றால் ரீஃபர்பிஷ் (பழையதைச் சரிசெய்து மறுபடி விற்றது), N என்றால் சர்வீஸில் மாற்றித் தந்தது. சாம்சங் போன்களில் *#0*# அடித்தால் டிஸ்ப்ளே, ஸ்பீக்கர், சென்சார் சோதிக்கும் திரை வரும். வெள்ளைத் திரையில் கீபோர்டின் நிழல் தெரிந்தால் பேனல் தேய்ந்திருக்கிறது. சிம் போட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை.

லேப்டாப் என்றால், ரீசெட் செய்து வைஃபை இணைத்து முதல் செட்டப் முடியும்வரை உட்கார்ந்து பாருங்கள். ஏதாவது கம்பெனி பெயரில் லாகின் கேட்டால் அது அலுவலகச் சொத்து. விண்டோஸ் திறக்கும் முன்பே கேட்கும் பயாஸ் பாஸ்வேர்டு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

விற்கும்போதும் கவனம் வேண்டும். பணம் வாங்க யுபிஐ பின் தேவையில்லை, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவும் வேண்டாம். இரண்டும் பணம் அனுப்புவதற்கு. ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கையை, யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தச் சொல்லிவிட்டது, ஆனால் க்யூஆர் ஏமாற்று அப்படியேதான் இருக்கிறது. பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் எஸ்எம்எஸ்ஸையும் நம்பாமல், உங்கள் பேங்க் ஆப்பில் இருப்பு ஏறியதைப் பார்த்த பிறகு பொருளைக் கொடுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாளை வீணாக்க வேண்டாம். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். (மேலே சொன்ன சட்டத்தின் ஆண்டும் இதே எண், தற்செயல்தான்.) தாமதிக்காமல் சொன்னால், பணம் போன கணக்கிலிருந்து வெளியேறும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. பணம் அனுப்பிய ரசீதில் இருக்கும் யுடிஆர் எண் (பரிவர்த்தனை எண்), எதிராளியின் யுபிஐ ஐடி, பேசிய எண், விளம்பரத்தின் படம், சாட் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

இனி நம் கடையில் ஓர் ஏற்பாடு. நீங்கள் வாங்க நினைக்கும் போனையோ லேப்டாப்பையோ விற்பவரோடு இங்கேயே வந்து பார்க்கலாம். ஐஎம்இஐ, லாக், டிஸ்ப்ளே, பேட்டரி, தண்ணீர் புகுந்த தடம் எல்லாம் பார்த்து எழுதித் தருவோம். போனுக்கு 150 ரூபாய், லேப்டாப்புக்கு 300. விலை பேசுவதில் தலையிட மாட்டோம், கமிஷனும் கிடையாது. நாங்களும் பழைய போன் விற்பவர்கள்தான், அதனால் வேண்டுமென்றே குறை சொல்வோமோ என்று சந்தேகம் வரலாம். சோதனையை உங்கள் இருவர் முன்னாலும் மேசையில் வைத்துத்தான் செய்வோம். கடைக்கு வர மாட்டேன் என்று விற்பவர் சொன்னால் எங்களுக்கு 150 ரூபாய் நஷ்டம், உங்களுக்கு லாபம்.

திங்கள் முதல் சனி வரை காலை 10 முதல் இரவு 8 மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஞாயிறு மதியம் வரைதான். விற்பவரிடம் பில்லும் அடையாள அட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள், போனில் பாதி சார்ஜாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சர்வீஸ் கடையினர்