அந்தியருக்கு வாய் முளைத்தது எப்படி?

சிறுகதைப் போட்டியின் ஏற்பாட்டுக் குழுவினருக்கும் நடுவர் பெருமக்களுக்கும்,

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் விழாவில் ஆறுதல் பரிசும் மாலையும் கறிபாப்பும் கொடுத்தீர்கள், நன்றி. தொகுப்பு நூலும் கொடுத்தீர்கள். அதில் என் பெயருக்குக் கீழே அச்சாகியிருக்கும் கதையை நான் எழுதவில்லை. நான் அனுப்பியதை வெட்டித் திருத்தி, முடிவையே மாற்றிவிட்டீர்கள். இரண்டாம் பதிப்பு வரப்போகிறது என்று மேடையில் அறிவித்தீர்கள். அதில் கதையின் முடிவை நான் எழுதியபடியே போடுங்கள், இல்லையென்றால் கதையை எடுத்துவிடுங்கள்.

என் கதையில் வரும் வேற்றுலகத்தாருக்கு ‘அந்தியர்’ என்று நான் வைத்த பெயரைப் பிழை திருத்தியவர் எல்லா இடத்திலும் ‘அந்நியர்’ ஆக்கியதைக்கூட விட்டுவிடுகிறேன். ஏழு பக்கம் நாலு பக்கமானதும் போகட்டும். கடைசிப் பக்கத்தை மட்டும் விட முடியவில்லை.

அந்தியரின் உலகம் ஒரு சிவப்புக் குள்ள விண்மீனைச் சுற்றுகிறது. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில், 4.2 ஒளியாண்டில் இருக்கும் பிராக்சிமாவுக்கு ஒரு கோள் உண்டென்று 2016இல் அறிவித்தார்களே, அந்த மாதிரி. அந்தக் கோளுக்கு ஓர் ஆண்டே 11 நாள்தான். அவ்வளவு நெருங்கிச் சுற்றும் கோள், நிலா நமக்குக் காட்டுவதுபோல, ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டே சுற்றக்கூடும். ஒரு பாதி தீராத பகல், மறுபாதி தீராத இரவு. இரண்டுக்கும் நடுவே வளையமாக ஓடும் அந்தி வெளிச்சத்தில் என் ஆட்கள் வாழ்கிறார்கள். காது கிடையாது, குரல் கிடையாது. மார்பில் வரிசையாக உள்ள சுரப்பிகள் நீலப்பச்சையாக மின்னும். அந்த மினுக்கலின் தாளம்தான் பேச்சு. சிவந்த வெளிச்சத்தில் அந்த நிறம்தான் எடுப்பாகத் தெரியும்.

இதையெல்லாம் எந்த அமெரிக்கப் படத்திலிருந்தும் எடுக்கவில்லை. கோலசிலாங்கூர், கம்போங் குவாந்தானில் இரவில் படகேறியவர்களுக்குத் தெரியும்: ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரம் முழுக்க மின்மினிகள் சேர்ந்தாற்போல அணைந்து அணைந்து எரியும். ஆண் பூச்சிகள் பெண்ணைக் கூப்பிடுகிற பேச்சு அது. அந்தியரின் ரத்தம் நீலம். நம் கடலோரத்து பெலாங்காஸுக்கும், அதாவது குதிரைலாட நண்டுக்கும், அப்படித்தான், ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு. ‘மண்வாசனை இல்லை’ என்று குறிப்பு எழுதியிருந்தீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

அவர்களின் குழந்தைகளுக்கு ஒளியை அடக்கத் தெரியாது. நினைத்ததெல்லாம் மார்பில் எரிந்துவிடும். அடக்கக் கற்றுக்கொண்ட அன்று வீட்டில் சடங்கு வைப்பார்கள், அன்றிலிருந்துதான் பொய் சொல்ல முடியும் என்பதால். வழக்கு விசாரணை இரவுப் பக்கத்தில் நடக்கும், சின்ன மினுக்கல்கூட அங்கே தப்பாது. மிகக் கொடிய தண்டனை, பகல் பக்கத்துக்கு நாடு கடத்துவது. அந்த வெளிச்சத்தில் மார்பு எவ்வளவு எரிந்தாலும் எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. ஒரு பஞ்சத்தில், கிடங்கைத் திறக்கச் சொன்ன ஊரையே அப்படித் துரத்தினார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் பேச்சே அறியாமல் வளர்ந்தார்கள். என் கதையில் வருகிறவள் அந்த வழியில் மூன்றாம் தலைமுறை. கடைசிப் பக்கத்தில் அவள் எல்லை தாண்டி வந்து ஒரு பாறை நிழலில் ஒதுங்குகிறாள். குனிந்து பார்த்தால் தன் மார்பு மின்னுகிறது. இத்தனை காலம் அது மின்னிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. என்ன சொல்கிறது என்று அவளுக்கே படிக்கத் தெரியாது. அதுதான் கதை.

உங்கள் தொகுப்பில் அவள் நட்டநடு வெயிலில் நின்று, “எங்களுக்கு நீதி வேண்டும்!” என்று கத்துகிறாள்.

எந்த வாயால், ஐயா?

‘ஆறறிவு மனிதனுக்கு மட்டுமே, இதுவே தமிழ் மரபு’ என்று நடுவர் ஒருவர் ஓரத்தில் எழுதியிருக்கிறார். தொல்காப்பியத்தின் மரபியல் பகுதியில் ‘மக்கள் தாமே ஆறறி வுயிரே’ என்ற தொல்காப்பியர், அடுத்த அடியிலேயே ‘பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே’, அந்த வகையில் வேறு பிறப்புகளும் உண்டு, என்கிறார். அவரே கதவைத் தாழ் போடவில்லை. நீங்கள் பூட்டே போட்டுவிட்டீர்கள்.

பால்மரக்காடும் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடும் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியும் இருந்தால்தான் மலேசியக் கதையா? நானும் தோட்டத்து வழி வந்தவர்தான், அந்தக் கதைகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 1994இல் திறந்த தேசியக் கோளரங்கம் இதே கோலாலம்பூரில்தான் இருக்கிறது. 2007இல் இந்த நாட்டுக்காரர் ஒருவர் விண்வெளி நிலையத்துக்கே போய் வந்தார். நம் கதை மட்டும் தோட்டத்து முள்வேலியைத் தாண்டக் கூடாது! பரவாயில்லை, அடுத்த முறை அந்தியருக்கும் ஒரு லயத்து வீடு கட்டிக் கொடுக்கிறேன். ரத்தம் நீலமானாலும் அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுப்பதுபோல, சிவப்பாகத்தான் கிடைக்கும். அப்போது மண்வாசனை தூக்கலாகவே இருக்கும்.

சரி, கோபம் எங்கேயோ இழுத்துப் போகிறது. பணிவாகவே கேட்டுக்கொள்கிறேன். படைப்பைத் திருத்தும் உரிமை குழுவுக்கு உண்டு என்று விதிமுறையில் இருக்கிறது. எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், வேண்டுமானால் நீளத்தையும் குறையுங்கள். வாயில்லாதவளுக்கு வாய் மட்டும் வைக்காதீர்கள். முடிவை நான் எழுதியபடி போட முடியாதென்றால் கதையை எடுத்துவிடுங்கள், பரிசுப் பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன். மூலப்பிரதியை மறுபடியும் மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். அச்சகத்துக்குப் போகுமுன் கடைசிப் பக்கத்தின் மெய்ப்பை ஒருமுறை எனக்குக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆறுதல் பரிசுக்காரர்,
செந்தூல்