என் மகளின் மூளையைக் காத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

என் மகளுக்கு அரிவாள் செல் நோய்; ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய் அது. இப்போது 9 வயது. ஒரு கட்டத்தில் அவளுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மிக அதிகமாக இருந்தது. வரவில்லை. அப்படி வராமல் போனதற்குப் பின்னால் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் பலரை நான் பார்த்ததுகூட இல்லை.

முதலில் எங்கள் ரத்தவியல் டாக்டர். வலி, காய்ச்சல், ரத்தசோகை என்று எங்கள் கவனமெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவற்றிலேயே இருந்தபோது, மூளையின் ரத்தக்குழாய்களைப் பற்றிப் பேச்சை எடுத்தவர் நீங்கள்தான், டாக்டர். காகிதத்தில் படம் வரைந்து காட்டினீர்கள். வளைந்த சிவப்பணுக்கள் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. அவை உடையும்போது வெளியே கொட்டும் ஹீமோகுளோபின், குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடைத் தின்றுவிடுகிறது. சுவர் தடித்து, மூளையின் அடியில் உள்ள பெரிய குழாய்களே குறுகிப்போகின்றன. ஹீமோகுளோபின் எஸ்எஸ் வகை, அதாவது அப்பா அம்மா இருவரிடமிருந்தும் இந்த நோயின் மரபணு வந்த வகை, உள்ளவர்களில் 100 பேருக்கு 11 பேர், முன்கூட்டியே பரிசோதிக்கும் வழக்கம் வருவதற்கு முன்பு, 20 வயதுக்குள் பக்கவாதத்துக்கு ஆளானார்கள் என்றும் சொன்னீர்கள். கேட்டுக் கலங்கிப்போனோம். ஆனால் அதே மூச்சில், இதை முன்னாலேயே கண்டுபிடிக்க முடியும், 2 வயது முதல் 16 வயது வரை ஆண்டுக்கொரு முறை, மூளைக் குழாய்களில் ரத்தம் ஓடும் வேகத்தை ஒலி அலைகளால் அளக்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் போதும் என்றீர்கள். பயத்தையும் வழியையும் சேர்த்தே கொடுத்த உங்களுக்கு என்ன சொல்வது!

டாப்ளர் எடுத்த சகோதரி, உங்களுக்குத் தனியாக எழுத வேண்டும். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, காதுக்கு முன்னால் நெற்றிப்பொட்டில் ஜெல் தடவி ஒரு கருவியை வைப்பார்கள், அவ்வளவுதான். கேட்பதற்கு எளிது. ஆனால் குழந்தை அழுதால் மூச்சு வேகமாகி, ரத்த வேகம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். தூங்கினால் அதிகமாகக் காட்டும். அதனால் அவள் விழித்திருக்கவும் வேண்டும், அமைதியாகவும் இருக்க வேண்டும். வெளியே வரிசை நீண்டிருந்தும் நீங்கள் அவசரப்படவில்லை. அழுகை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்து, கதை சொல்லிக்கொண்டே ஒவ்வொரு குழாயாகத் தேடினீர்கள். சராசரி வேகம், ஆபத்தின் எல்லையான நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது. அவள் அழும்போதே எடுத்து முடித்திருந்தால், அந்த எண் 200-க்குக் கீழே வந்து எங்களை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். இதை நினைக்காத நாளில்லை. மறுபடி எடுத்தபோதும் அதே நிலைதான்.

அந்த எண்ணுக்குப் பொருள் தந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் டாக்டர் ராபர்ட் ஆடம்ஸும் அவருடைய குழுவினரும்தான், டாப்ளரில் வேகம் கூடிய குழந்தைகளுக்கே பக்கவாதம் அதிகம் வருகிறது என்று காட்டினார்கள். பிறகு 'ஸ்டாப்' ஆய்வு. அப்படி வேகம் கூடிய 130 குழந்தைகள். தொடர்ந்து ரத்தம் ஏற்றிய 63 பேரில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்த 67 பேரில் 11 பேருக்கு வந்தது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்னதாகவே நிறுத்தி, 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த 11 குழந்தைகளையும் அவர்களுடைய அப்பா அம்மாக்களையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு என் நன்றி போய்ச் சேர வழியில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அப்புறம் ரத்தம் கொடுத்தவர்கள். இந்த நோய்க்குக் காரணமான ஹீமோகுளோபின் எஸ் அவளுடைய ரத்தத்தில் இருக்கும் அளவை 30 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றினோம். அவளுக்கு ஏ, பி, ஓ பிரிவு ஒத்துப்போனால் மட்டும் போதாது. சி, இ, கெல் போன்ற நுண்பிரிவுகளும் பொருந்த வேண்டும். இல்லையென்றால் உடல் அந்த ரத்தத்துக்கு எதிர்ப்பொருட்களை உண்டாக்கி, பிறகு ஏற்றுவதற்கு ரத்தமே கிடைக்காமல் போகலாம். அப்படிப் பொருந்திய ரத்தம் ஒவ்வொரு முறையும் எங்களுக்குக் கிடைத்தது. யாரோ முகம் தெரியாத ஒருவர் கை நீட்டிப் படுத்திருக்கிறார். இன்னொருவர் ஆய்வகத்தில் உட்கார்ந்து பொருத்தம் பார்த்திருக்கிறார். நன்றாக இருங்கள். ஊசி குத்த இடம் கிடைக்காத நாட்களிலும் அவள் கையைத் தடவிக்கொடுத்த செவிலியர் சகோதரிகளும், ரத்தம் ஏற்ற ஏற்ற உடலில் சேரும் இரும்பை வெளியேற்றும் மருந்தைத் தவறவிடாமல் நினைவூட்டிய மருந்தாளுநரும் அப்படியே.

அவளுடைய வகுப்பு ஆசிரியைக்கு. எம்.ஆர்.ஐ.யில் பெரிய குழாய்களில் கடுமையான அடைப்பு இல்லை, ஆனால் மூளையில் ரத்தம் போகாமல் உண்டான ஒரு சிறு தழும்பு தெரிந்தது. கை கால் விழாமல், வாய் கோணாமல், யாருக்கும் தெரியாமல் வந்துபோன ஒன்று. இது கவனத்தையும் நினைவையும் பாதிக்கலாம் என்றார்கள். நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, 'சரிங்கம்மா, அவளை முன் வரிசையில் உட்கார வைக்கிறேன், தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு வாங்கலாம்' என்று உடனே சொன்னீர்கள். அவளைச் சோம்பேறி என்று ஒருநாளும் சொல்லாததற்கு, டீச்சர், மிக்க நன்றி.

ஓராண்டுக்கு மேல் ரத்தம் ஏற்றி, வேகமும் இறங்கியபின், டாக்டர் அவளை மெதுவாக, சிவப்பணுக்கள் வளைவதைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரைக்கு மாற்றினார். அப்படி மாற்றலாம் என்று காட்டியது 'ட்விட்ச்' ஆய்வு; அதில் ரத்தம் ஏற்றுவதைத் தொடர்ந்த பிரிவிலும் மாத்திரைக்கு மாறிய பிரிவிலும் ஒரு குழந்தைக்குக்கூடப் புதிதாகப் பக்கவாதம் வரவில்லை. எல்லோருக்கும் இது பொருந்தாது. குழாய்கள் ஏற்கெனவே மோசமாகச் சுருங்கியவர்களுக்கும், பக்கவாதம் வந்தவர்களுக்கும் ரத்தம் ஏற்றுவதைத் தொடர வேண்டியிருக்கும். மாதாமாதம் ரத்தம் கிடைக்காத இடங்களில் இதே மாத்திரையைக் கொண்டு குழந்தைகளைக் காக்க முடியுமா என்று நைஜீரியாவில் ஆய்வு செய்த மருத்துவர்களையும், அதில் பங்கெடுத்த குடும்பங்களையும் இங்கே வணங்குகிறேன்.

இந்த நோயுள்ள குழந்தையை வளர்க்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குழந்தைக்கு 2 வயது ஆகிவிட்டதென்றால், டாப்ளர் எப்போது என்று டாக்டரிடம் கேளுங்கள். அவர் மறந்திருந்தால் நினைவூட்டுங்கள்.

அன்புடன்,
ஒரு அம்மா