டிக்கெட்ல ஒரு பேரு, ஓட்டுறது வேற கம்பெனி

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்க ரீஜனல் ஏர்லைன்ஸ் (பெரிய ஏர்லைன்ஸுக்காக கான்ட்ராக்ட்ல விமானம் ஓட்டுற சின்னக் கம்பெனிங்க) பத்தின உங்க கட்டுரை படிச்சேன். கம்மி சம்பளத்துக்கு ஒத்துக்கிட்டுப் போற சின்னப் பசங்கதான் மொத்த தொழிலையும் கெடுக்குறாங்கன்னு சில சீனியர் பைலட்டுங்க சொல்றத என்னால ஏத்துக்கவே முடியல சார். 2009 பிப்ரவரி 12ல நியூயார்க் மாநிலத்துல இருக்குற பஃபலோ பக்கத்துல விமானம் விழுந்து 50 பேர் செத்தாங்களே, டிக்கெட் வித்தது பெரிய ஏர்லைனான கான்டினென்டல் பேர்ல, கான்டினென்டல் கனெக்‌ஷன்னு, ஓட்டினது கோல்கன் ஏர்ங்குற ரீஜனல் கம்பெனி, இது எத்தன பயணிக்குத் தெரிஞ்சிருக்கும்? வேகம் குறைஞ்சு இறக்கை விமானத்தத் தூக்க முடியாம போகப் போகுதுங்குற எச்சரிக்கை (ஸ்டால் வார்னிங்) வந்தப்ப கேப்டன் மூக்கை இறக்காம கன்ட்ரோலைப் பின்னால இழுத்துட்டாரு, அது தப்புதான், விசாரணை அறிக்கையும் அதத்தான் சொல்லுது. ஆனா கோ-பைலட் பொண்ணுக்கு வயசு 24, வருஷ சம்பளம் சுமார் 16,000 டாலர், நியூயார்க் பக்கத்து நெவார்க் டியூட்டிக்காக நாட்டோட மறு கோடியில இருக்குற சியாட்டில் பக்கத்துலேர்ந்து ராத்திரி முழுக்க பறந்து வந்திருக்கு, அந்த சம்பளத்துல நெவார்க்ல வாடகை கொடுத்து இருக்க முடியுமா? அப்புறம் 2013ல கோ-பைலட்டுக்கும் பொதுவா 1,500 மணி நேர அனுபவம் வேணும்னு ரூல் வந்துச்சு, இறந்தவங்க குடும்பங்க வாஷிங்டனுக்கு நடையா நடந்து வாங்கினது அது. ஆனா அந்த விமானத்தோட கேப்டன், கோ-பைலட் ரெண்டு பேருக்குமே 1,500 மணி நேரத்துக்கு மேல அனுபவம் இருந்துச்சு சார்! அடுத்த தடவை எழுதுறப்ப கான்ட்ராக்ட் கொடுக்குற பெரிய ஏர்லைன்ஸையும் கேள்வி கேளுங்க.