எங்கள் சிஸ்டரின் முகத்தை வெளுக்கச் சொன்னது யார்? அல்பம் பற்றிய முறைப்பாடு

மதிப்பிற்குரிய உரிமையாளர் அவர்களுக்கு,

போனிலும் ஈமெயிலிலும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுக்கிறார், முதலிலிருந்து கதையைச் சொல்லச் சொல்கிறார், கடைசியில் 'எடிட்டிங் ஆக்களிட்டக் கேட்டுச் சொல்லுறம்' என்று வைத்துவிடுகிறார். யாரும் திருப்பி எடுக்கவில்லை. ஓடர் விபரம் உங்களிடம் இருக்கிறது. பெரிய சதுர அல்பம், லினன் அட்டை, நீங்கள் கலியாண வீடுகளுக்கு வழமையாகச் செய்து கொடுப்பதுதான். ஆனால் இதற்குள் இருப்பது கலியாணப் படங்கள் இல்லை, லண்டனில் எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண்களின் படங்கள். ஓய்வு பெறுகிற எங்கள் சிஸ்டருக்குப் பிரியாவிடைக்குக் கொடுக்கத்தான் செய்வித்தோம்.

நாங்கள் தந்த படங்களில் இருந்த பெண்கள் வேறு, நீங்கள் அடித்துத் தந்த அல்பத்தில் இருக்கும் பெண்கள் வேறு. எல்லோரையும் வெளுக்க வைத்துவிட்டீர்கள். எங்கள் வார்டு சிஸ்டர், அதாவது வார்டுக்குப் பொறுப்பான தாதி, நல்ல கறுப்பு. சாய்ந்த வெயில் படும்போது நெற்றியிலும் கன்ன எலும்பிலும் ஒரு நீல மினுக்கம் வரும். படம் எடுத்த பிள்ளையும் கறுப்பினப் பெண்தான், அந்த மினுக்கத்துக்காகவே பின்னேரம் வரை காத்திருந்து ஆஸ்பத்திரித் தோட்டத்தில் வைத்து எடுத்தாள். உங்கள் அல்பத்தில் சிஸ்டர் பால் கூடிப்போன தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறார். கானாக்காரப் பெண் ஒருவர் தங்கள் ஊரின் பல நிற நெசவான கெந்தே துணி உடுத்து வந்திருந்தார், அதன் மஞ்சளும் பச்சையும் கூட முகத்தோடு சேர்ந்து வெளிறிவிட்டது. இன்னொரு பிள்ளையின் டிரெட்லொக்ஸ் சடைகள் ஓரமெல்லாம் மழுங்கி, ஒரே கட்டியாகத் தெரிகிறது.

இதைவிட மோசம், நைஜீரியாவிலிருந்து வந்த மூத்த தாதி ஒருவரின் படம். அவருடைய இரண்டு கன்னங்களிலும் சின்ன வயதில் கீறிய கோடுகள் இருக்கின்றன. இன்ன குடும்பம், இன்ன ஊர் என்று காட்ட யொரூபா மக்கள் முன்பு குழந்தைகளுக்குக் கீறிய அடையாளம் அது. இப்போது பிள்ளைகளுக்கு அப்படிக் கீறுவது அருகிவிட்டது. உங்கள் ஆட்கள் அதை ஏதோ தழும்பு என்று நினைத்து மெழுகிவிட்டார்கள்! அவர் விரலால் அந்தக் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அல்பத்தை மூடினார். ஓடர் கொடுத்தது நான். நான் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது?

இனி உங்கள் கவுண்டரில் இருந்த தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நைட் டியூட்டி முடித்து, நித்திரை கொள்ளாமல், பாரமான அல்பத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறி வந்தேன், மேலாளர் நிற்பார் என்று போனில் உறுதியாகச் சொன்னதால்தான் வந்தேன். அவர் ஏதோ மண்டபத்துக்கு வேலையாகப் போய்விட்டாராம். தம்பி அல்பத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 'அக்கா, கறுப்பாக்களின்ர படம் எண்டா வெளிச்சம் கூட்டாட்டி பல்லும் கண்ணும்தான் தெரியும். நாங்கள் வடிவாக்கித்தான் குடுத்திருக்கிறம்' என்றார். நான் விடாமல் கேட்கவும், 'நீங்கள் தமிழ் ஆள்தானே, அவையளுக்காக ஏன் நிண்டு சண்டை பிடிக்கிறியள்?' என்று கேட்டார். கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். இத்தனை வருட நேர்ஸ் வேலையில் எத்தனையோ பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன், ஆனால் அன்று மாதிரி எனக்கு உடம்பு நடுங்கியதில்லை.

'அவையள்' என்று அவர் சொன்னவர்களோடுதான் நான் கொவிட் காலத்தில் ஒரே வார்டில் நின்றேன். அவர்கள் வடிவாகத்தான் இருக்கிறார்கள், அவர்களை வடிவாக்கும்படி உங்களை யாரும் கேட்கவில்லை.

பிறகு உங்கள் ஈமெயில் வந்தது, 'மெஷின் தானாகச் செய்யும் திருத்தம், எங்கள் தவறு அல்ல' என்று. படம் அடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் உங்களுக்கு, நிறம் சரியா என்று ஒத்துப் பார்க்க லேப்களில் வைத்திருந்த ஷெர்லி அட்டை தெரியாமல் இருக்காது. 1950களில் பிலிம் கொம்பனியான கோடக் தன்னிடம் வேலை செய்த ஷெர்லி என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை, படம் கழுவி அடிக்கும் லேப்களுக்கு அனுப்பியது, அவருடைய தோல் சரியாக வந்தால் எல்லா நிறமும் சரி என்று கணக்கு. அதற்குப் பிறகு வந்த அட்டைகளிலும் வெள்ளைக்காரப் பெண்கள்தான். கறுப்பு நிறங்களைப் பிடிக்கும்படி பிலிமைத் திருத்த வேண்டும் என்று கோடக்குக்குத் தோன்றியது கூட, சொக்லேட் கொம்பனிகளும் மரத் தளபாடம் செய்பவர்களும் தங்கள் விளம்பரப் படங்களில் நிறம் சரியாக வரவில்லை என்று முறையிட்ட பிறகுதான். கறுப்பினத் தாய்மார் தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படத்தைக் காட்டிக் கேட்டது அதுவரை யாருக்கும் கேட்கவில்லை. கறுப்பின, ஆசியப் பெண்களையும் சேர்த்து அட்டை வந்ததே 1990களில். ஆகவே மெஷின் தானாக ஒன்றும் செய்வதில்லை, யாரோ ஒருவர் யாருடைய தோலையோ வைத்துத்தான் அதற்கு அளவு சொல்லிக் கொடுத்திருக்கிறார். 2021இல் கூகுள் தன் பிக்சல் போன் கமராவைக் கறுப்புத் தோலும் உள்ளபடி விழும்படி திருத்தியது. கையில் கிடக்கும் போன் செய்வதை உங்கள் அவ்வளவு பெரிய மெஷின் செய்ய முடியாதா?

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சிஸ்டரின் அம்மா ஜமெய்க்காவிலிருந்து தாதிப் பயிற்சிக்காக இங்கே வந்தவர். 1970களில் எடுத்த அவருடைய வார்டுக் குழுப் படம் சிஸ்டரிடம் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரத் தாதியரின் புருவ மயிர் வரை எண்ணலாம், அம்மா இருக்கும் இடத்தில் தொப்பியும் ஒரு இருட்டும்தான். இந்த அல்பத்துக்குச் சம்மதித்தபோது சிஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்று, என் முகம் என் முகமாகவே தெரிய வேண்டும். அம்மாவை இருட்டாக்கினார்கள், நீங்கள் மகளை வெளுக்கப்பண்ணிவிட்டீர்கள்.

2017இல் நடிகை லுபிட்டா நியோங்கோவின் முடியை ஒரு சஞ்சிகை அட்டைப்படத்தில் வெட்டி வழித்துவிட்டதும், அதற்குக் கொஞ்சம் முன்னர்தான் பாடகி சொலாஞ்சின் தலையில் முடிசூட்டிய மாதிரி இருந்த பின்னலை லண்டன் சஞ்சிகை ஒன்று அழித்துவிட்டதும் எங்கள் ஸ்டாஃப் ரூமில் பெரிய கதையாக இருந்தது. அவர்கள் பிரபலமானவர்கள், கேள்வி கேட்டார்கள், சஞ்சிகைகளும் மன்னிப்புக் கேட்டன. எங்கள் வார்டுப் பெண்களுக்காக யார் கேட்பது? அதே வருடம் பாடகி ரிஹானாவின் மேக்கப் கொம்பனி ஃபென்டி பியூட்டி, முகத்துக்குப் பூசும் ஃபவுண்டேஷனை 40 நிறங்களில் கொண்டுவந்தபோது இந்தப் பெண்கள் பட்ட சந்தோஷம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன் இரண்டு போத்தல்களைக் கலந்து கலந்து பூசிக்கொண்டு வருவார்கள், அப்படியும் கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறமாக இருக்கும்.

நீங்கள் நல்ல உழைப்பாளிகள் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்லுவார்கள், அதை நம்பித்தான் வேறு கடைக்குப் போகாமல் உங்களிடம் வந்தேன். உங்கள் மேல் தனிப்பட்ட கோபம் இல்லை. ஆனால் இதே வேலையை எங்கள் பிள்ளைகளின் சாமத்தியவீட்டு அல்பங்களிலும் செய்கிறீர்கள், மாநிறப் பிள்ளை அல்பத்தில் ரோஸ் நிறமாக இருக்கிறாள், அதையும் நிறுத்துங்கள்.

பிரியாவிடைக்குக் கொடுக்க வேண்டிய அல்பம் இது. நாங்கள் வெறும் பூங்கொத்தைத்தான் கொடுத்தோம். ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதும் உழைத்ததற்குக் கிடைத்த மரியாதையையே நீங்கள் பாழாக்கிவிட்டீர்கள், லட்சம் பவுண்ட்ஸ் தந்தாலும் இதற்கு ஈடாகாது.

தயவுசெய்து நாங்கள் தந்த மூலப் படங்களை எந்தத் திருத்தமும் இல்லாமல் திரும்ப அடித்துத் தாருங்கள். முதலில் ஒரு பக்கம் மாதிரி அடித்து அனுப்புங்கள், படம் எடுத்த பிள்ளை பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் மற்றப் பக்கங்கள். இனி நான் கடைக்கு வரமாட்டேன், நீங்கள் கொண்டுவந்து தர வேண்டும். இரண்டு கிழமைக்குள் பதில் இல்லையென்றால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பணத்தைத் திருப்பிக் கேட்டு சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போவேன். கிரெடிட் காட்டில் கட்டியிருக்கிறேன், 100 பவுண்ட்ஸுக்கு மேல் என்பதால் வங்கியிடமும் கேட்கலாம் என்று எனக்குத் தெரியும். கடைகளின் முறைகேடுகளைப் பார்க்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கும் எழுதுவேன். கவுண்டரில் தம்பி சொன்னதை 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ் எப்படிப் பார்ப்பார்கள் என்றும் ஒரு சட்டத்தரணியிடம் கேட்கப் போகிறேன். அவரை வேலையால் நிற்பாட்டும்படி நான் கேட்கவில்லை. அவர் சொன்னது பிழை என்று நீங்கள் அவருக்குச் சொல்ல வேண்டும், சொன்னீர்கள் என்று எனக்கு எழுத்தில் தர வேண்டும்.

அப்புறம், மன்னிப்பு எனக்கு வேண்டாம். சிஸ்டருக்கும் அந்த நைஜீரியத் தாதிக்கும் தனித்தனியாக ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். வார்டு முகவரி ஓடர் படிவத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
அல்பத்துக்கு ஓடர் கொடுத்த தாதி