பதின்மூன்றாவது பரிசோதனையைப் புழு செய்துவிட்டது

மண்ணுக்கும் மருந்துக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாலக்கோடு பக்கத்தில் ஒரு செம்மண் சரிவில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறேன். எனக்கு மேட்டில் கொழுந்தனாரின் தக்காளித் தோட்டம். வெள்ளை ஈயும் ஊசிப்புழுவும் சேர்ந்து தக்காளிக்காரரை எத்தனை முறை தெளிப்பானைத் தூக்க வைக்கின்றன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற மாதம் நூறு முட்டைத் தொகுதி வாங்கி வளர்த்தேன். நான்காம் தோலுரிப்பு முடிந்து, இன்னும் சில நாளில் கூடு கட்டுவதற்காகச் சந்திரிகைத் தட்டில் ஏற்ற வேண்டிய புழுக்கள். ஒரு காலையில் இலை போட்டேன். மாலையில் தலையைத் தூக்கி ஆட்டின, பச்சை நீர் கக்கின, சுருண்டுவிட்டன. தருமபுரி அங்காடிக்குக் கூடாகப் போக வேண்டியவற்றைக் கூடை கூடையாக அள்ளிக் குழியில் கொட்டினோம். இலை பறிக்க வந்த இரண்டு பெண்களும் அன்றைய கூலியை வாங்க மறுத்துவிட்டுப் போனார்கள். அது என்னை இன்னும் உறுத்துகிறது.

பார்க்க வந்த அலுவலர், "காற்றில் மருந்து பறந்து வந்திருக்கும், பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொல்லி வையுங்கள்" என்றார். அந்த வாரம் கொழுந்தனார் மருந்தே அடிக்கவில்லை. ஆனால் பத்து நாளுக்கு முன் பெய்த கோடை மழையில் மேட்டுத் தண்ணீர் மண்ணோடு இறங்கி என் கிணற்றில் விழுந்தது. அந்தத் தண்ணீரைத்தான் மல்பெரிக்குப் பாய்ச்சினேன். அதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். சோதித்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டேன்.

மண்வள அட்டையை எடுத்துக் காட்டினார்கள். தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், அங்ககக் கரிமம் முதலான 12 அளவுகள். மருந்தின் எச்சம் அதில் ஒன்றுமில்லை. பதின்மூன்றாவது பரிசோதனையை என் புழுக்கள் செய்து முடிவையும் சொல்லிவிட்டன. கட்டணம் நான் கட்டினேன்.

கொழுந்தனாரை நான் குறை சொல்லவில்லை. மருந்து அடிக்காவிட்டால் அவர் கடனை யார் கட்டுவது? கேட்பது ஒன்றே: மருந்தை மேட்டு மண்ணிலேயே பிடித்து நிறுத்த வழி செய்யுங்கள். குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் மண்துகளைப் பற்றிக்கொண்டு சேற்றோடு வருகின்றன. இமிடாகுளோபிரிட் தண்ணீரில் கரைந்தே இறங்குகிறது. கரிமம் வற்றிய நம் செம்மண்ணுக்கு இரண்டையும் நிறுத்தும் பிடிப்பு இல்லை. காற்றில்லாமல் கருக்கிய கரி, அதுதான் நீங்கள் சொல்லும் உயிர்க்கரி, தன் நுண்துளைகளில் மருந்தைப் பிடித்து வைக்கும். மக்கு உரம் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனி போடும். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் நல்லது. பிடித்தது சிதையாமல் நின்றால் மண்ணில் சேர்ந்துகொண்டே போகுமே.

கரிக்கு மூலப்பொருளா இல்லை? கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் குவியும் மாங்கொட்டை, தேங்காய்த் தொட்டி, ஏரியெல்லாம் அடைத்து நிற்கும் சீமைக் கருவேலம். இதையெல்லாம் பற்றிக் கூட்டம் போட்டால் தேநீரும் பிஸ்கட்டும் தவறாமல் வருகின்றன. எங்கள் பக்கத்துச் சரிவுக்கு ஒரு கூடை கரி இதுவரை வரவில்லை. மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

2024-இல் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' என்று பசுந்தாள் உர விதைக்கு மானியம் தந்தீர்கள். அதற்கு நன்றி. அதே மனத்தோடு மேட்டு வயல்களின் கீழ் வரப்போரம் கரியும் மக்கும் கலந்த ஒரு பட்டை போட உதவுங்கள். அளவை நாங்களாக ஊகிக்க முடியாது. கரி அதிகமானால் களைக்கொல்லி வேலை செய்யாது என்கிறார்கள். பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. நம் மண்ணுக்கு ஏக்கருக்கு எவ்வளவு என்று அங்கே சோதித்துச் சொல்லச் செய்யுங்கள்.

இன்னொன்று, தெளிப்பானைக் கழுவும் இடம். இங்கே எல்லோரும் கிணற்று மேட்டில்தான் கழுவுகிறோம், நானும்தான். சுவீடனில் 1990-களிலேயே வைக்கோலும் மண்ணும் சதுப்பு நிலத்தில் கிடைக்கும் பாசிமக்கும் நிரப்பிய குழியில் அந்தத் தண்ணீரை விட்டிருக்கிறார்கள். பாசிமக்குக்குப் பதில் நம்மிடம் தென்னை நார்க்கழிவு இருக்கிறது. ஊருக்கு ஒரு குழி போதும்.

அடுத்த முட்டைத் தொகுதிக்குப் பதிவு செய்திருக்கிறேன். அதற்குள் ஒருவர் வந்து என் கிணற்று நீரையும் மேட்டு மண்ணையும் எடுத்துப் போய், மருந்து எச்சத்துக்குச் சோதித்து, முடிவைத் தாளில் எழுதித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டுப்புழு வளர்க்கும் ஒரு விவசாயி